கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் மூணு நாள்: எங்க தங்கலாம், எதை முதல்ல பாக்கலாம்?

டிசம்பர், ஜனவரி வந்தாலே கோடியக்கரை போகணும்னு நிறைய பேரு கிளம்புறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா முக்கால்வாசி பேரு போடுற பிளான் ஒண்ணே ஒண்ணுதான், வேளாங்கண்ணியில ரூம் போடுறது, மாதா கோயில் பாக்குறது, மறுநாள் காலையில இட்லி சாப்ட்டு கிளம்பி கோடியக்கரைக்கு ஒரு ரவுண்டு போறது, மதியம் திரும்பி வந்து "ஒண்ணும் பெருசா இல்லப்பா, நாலு மான்தான் இருந்துச்சு"ன்னு சொல்றது. இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது. அந்த இடத்துல ஒண்ணும் இல்லாததுனால இல்ல, போன நேரம் தப்பு, அவ்வளவுதான். அதனால அங்க போறதுக்கு என்னென்ன வழி இருக்கு, யாருக்கு எது ஒத்து வரும்னு விவரமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல இது எவ்வளவு பெரிய நிலம்னு புரிஞ்சுக்கணும். கோடியக்கரைன்னா ஒரு சரணாலயம், ஒரு கேட்டு, டிக்கெட்டு, உள்ள போயி வெளிய வர்றதுன்னு நினைச்சுக்கிறாங்க. 2002-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தப்ப கணக்குல வந்தது 38,500 ஹெக்டேர், அதுல கோடியக்கரை காடு ஒரு சின்ன துண்டு. மேற்கால போகப்போக வேதாரண்யம் சதுப்பு, பஞ்சநதிக்குளம், தலைஞாயிறு காடு, கடைசில முத்துப்பேட்டை அலையாத்திக் காடுன்னு (மாங்குரோவ்) கடலோரமாவே நீண்டு கிடக்கு. ஒரு முனை நாகப்பட்டினம் மாவட்டம், இன்னொரு முனை திருவாரூர் மாவட்டம். காவிரி தண்ணி கடைமடை வரைக்கும் வந்து, வயல்ல பாய்ஞ்சது போக மிச்சம் வடிஞ்சு கடல்ல சேர்ற இடம் இது. வங்காள விரிகுடா கரை நேர தெற்கால வந்து, கோடியக்கரையில மடங்கி, பாக் நீரிணைப் பக்கம் மேற்கால திரும்புது, மேப்ல பாத்தா ஒரு மூக்கு மாதிரி தெரியும். இதை ஒரே நாள்ல ரெண்டு முனையும் தொட்டுட்டு வரணும்னு நினைச்சா நாள் முழுக்க கார்லதான் இருப்பீங்க.

அதனால முதல் கேள்வியே எங்க படுக்குறோம்ங்கிறதுதான். மத்ததெல்லாம் அப்புறம்.

வேளாங்கண்ணியில தங்குறதுக்கு நியாயமான காரணம் நிறைய இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. எல்லா விலையிலயும் ரூம் கிடைக்கும், ராத்திரி லேட்டா போனாலும் சாப்பாடு கிடைக்கும், மெடிக்கல் ஷாப் இருக்கு, ரயில் இருக்கு. வயசான அப்பா அம்மாவை கூட்டிட்டு போறீங்க, அவங்களுக்கு பறவையில பெரிய ஆசை கிடையாது, மாதா கோயிலும் நாகூர் தர்காவும் சிக்கல் சிங்காரவேலரும் பாத்தா போதும்னா வேளாங்கண்ணியோ நாகப்பட்டினமோதான் சரி. நாகப்பட்டினத்துலேர்ந்து வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர், நாகூர் அதை விடக் கிட்ட. நாகூர்ல சாயங்காலம் தர்கா வாசல்ல நின்னு அந்தப் பெரிய மினாராவை அண்ணாந்து பாருங்க, 131 அடி, தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப் சிங் கட்டிக் குடுத்தது. அப்படியே கடைத்தெருவுல வாடாங்கிற பலகாரத்தை வாங்கி சூடா சாப்டுங்க, இறால் வெச்சது கிடைச்சா விடாதீங்க.

ஆனா சதுப்பு பாக்கணும்ங்கிறதுதான் முக்கியம்னா வேளாங்கண்ணி தோதுப்படாது. அங்கேர்ந்து கோடியக்கரை 50 கிலோமீட்டர் கிட்ட வருது. ரோடு ஊருக்குள்ள ஊருக்குள்ள போறதுனால வேகமா போக முடியாது, ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். விடிகாலை நாலரைக்கு மொத்த குடும்பத்தையும் எழுப்பி கிளப்ப எந்த வீட்டுல முடியும் சொல்லுங்க. எட்டு மணிக்கு கிளம்பி ஒன்பதரைக்கு போய்ச் சேந்தா வெயில் ஏறியிருக்கும், கானல் அலை அடிக்கிறதுல தூரத்துல நிக்கிற பூநாரை (ஃபிளமிங்கோ) வெறும் வெள்ளைக் கோடாத்தான் தெரியும், பைனாகுலர்ல பாத்தாலும் நடுங்கும். வெளிமான் எல்லாம் நிழல் தேடி ஒதுங்கிடும். மறுபடி சாயங்காலம் நல்ல நேரம் வரும்போது நீங்க "இருட்டுறதுக்குள்ள போயிடலாம்"னு வண்டியைத் திருப்பிடுவீங்க. அதாவது பாக்க வேண்டிய ரெண்டு நேரத்தையும் ரோட்டுல விட்டுட்டு, பாக்கக்கூடாத நேரத்துல மட்டும் உள்ள இருக்கீங்க. இந்தப் பக்கத்துக்கு பிளான் போடும்போது ஊர் பேரை எண்ணாதீங்க, விடிஞ்சதும் ரெண்டு மணி நேரமும் பொழுது சாயுற ரெண்டு மணி நேரமும் நாம எங்க நிக்கப்போறோம்னு மட்டும் பாருங்க. இன்னொண்ணு, ஆகஸ்ட் 29-லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் மாதா திருவிழா, அப்பறம் கிறிஸ்துமஸ், நியூ இயர், இந்த நாள்லல்லாம் அங்க ரூம் கிடைக்கிறதே கஷ்டம், கிடைச்சாலும் விலை ஏத்திடுவாங்க.

வேதாரண்யத்துல தங்குனா இந்தப் பிரச்சினை எதுவும் இல்ல. கோடியக்கரை 11, 12 கிலோமீட்டர்தான், அஞ்சரைக்கு டீ குடிச்சுட்டு கிளம்புனா செக்போஸ்ட் திறக்குற நேரத்துக்கு நீங்க முதல் ஆளா நிப்பீங்க. லாட்ஜ் எல்லாம் சாதாரணமாத்தான் இருக்கும், வேளாங்கண்ணி அளவுக்கு வசதி எதிர்பாக்காதீங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஹோட்டல் தேடுனா கொஞ்சம் சிரமம். ஆனா சுத்தமான ரூம், சுடச்சுட தோசை, நல்ல மீன் சாப்பாடு இதெல்லாம் கிடைக்குது, வேற என்ன வேணும். கோடியக்கரையிலயே வனத்துறை விடுதி இருக்கு, பூநாரை இல்லம்னு பேரு, நாகப்பட்டினத்துல இருக்குற வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ்ல கேட்டு முன்கூட்டியே வாங்கணும். அது கிடைச்சா வேற எதையும் யோசிக்க வேண்டாம், கண்ண மூடிட்டு எடுத்துக்கோங்க. சாப்பாடு மட்டும் என்ன ஏற்பாடுன்னு முன்னாடியே பேசிக்கணும்.

வேதாரண்யம் ஊரே ஒரு அரை நாளுக்கு தாராளமா வரும், மதியம் வெயில் நேரத்துக்கு ரொம்ப தோது. "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு"ன்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்லுவாங்க. திருமறைக்காடுதான் பழைய பேரு, மறைக்காட்டுநாதர் கோயில்ல பூட்டிக் கிடந்த கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி மூடுனதும் இங்கதான்னு சொல்றது. அப்பர் பத்துப் பாட்டு பாடுற வரைக்கும் கதவு திறக்கல, சம்பந்தர் ஒரே பாட்டுல மூடிட்டாராம். அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள்னு பேரு, இப்படி ஒரு பேரு வேற எந்த ஊர்ல இருக்கு.

அடுத்து அகஸ்தியம்பள்ளி. கோடியக்கரை போற வழியிலயே இருக்கு, உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் அங்கதான். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலேர்ந்து நூறு பேரு கிட்ட கூட்டிக்கிட்டு நடந்து கிளம்பி, 28-ந் தேதி வேதாரண்யம் வந்து, 30-ந் தேதி உப்பு அள்ளுனாங்க. 150 மைல், சித்திரை வெயில்ல. வழியில அவங்களுக்கு சோறு போட்டா, இடம் குடுத்தா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டுட்டார், அப்ப ஜனங்க சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில கட்டித் தொங்க விட்டுட்டு ஒதுங்கிப் போயிடுவாங்களாம். அவங்க வந்த வழி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நீங்க கார்ல வர்றதும் அதே வழிதான், அதை நினைச்சுக்கிட்டே வாங்க. வேதாரண்யத்துல அவங்களுக்கு எல்லாம் செஞ்சு குடுத்த சர்தார் வேதரத்தினம் ஆரம்பிச்ச கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்னைக்கும் ஊருக்குள்ள நடக்குது.

உப்பளத்தை கார் கண்ணாடி வழியா பாத்துட்டு போயிடாதீங்க. தமிழ்நாட்டுல தூத்துக்குடிக்கு அடுத்து உப்புக்கு இந்த ஊர்தான். மழை விட்டு தை, மாசி வாக்குல பாத்தி கட்ட ஆரம்பிச்சு, வெயில் ஏற ஏற உப்பு விளையும், ஐப்பசி மழை வந்தா அத்தோட வேலை நிக்கும். வரப்பு ஓரமா குந்தி பாத்திக்குள்ள உத்துப் பாருங்க, தண்ணி மேல மெல்லிசா கண்ணாடி ஏடு மாதிரி ஒண்ணு மிதக்கும், விரலை வெச்சா உடைஞ்சு கீழ போகும், அதுதான் அப்பத்தான் பிறக்குற உப்பு. வேலை செய்யுறவங்க காலைப் பாத்தா வெடிச்சு வெள்ளையா இருக்கும், அதுல நின்னுதான் நாம சாப்பிடுற உப்பை வாருறாங்க. போட்டோ எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

சரி, கோடியக்கரை காடு. காலை 6 மணிக்கு போனா செக்போஸ்ட்ல பேரு எழுதி கட்டணம் கட்டி, கையோட ஒரு கைடு கேட்டு வாங்கிக்கோங்க, அவங்க இல்லாம போனா பாதி கண்ணுல படாது. எந்தக் குட்டையில இன்னைக்கு தண்ணி இருக்கு, எங்க பறவை இறங்கியிருக்குங்கிறது தினம் மாறும், அங்கயே பொறந்து வளந்தவங்களுக்குத்தான் தெரியும். புல்வெளியில வெளிமான், கிடா நல்ல கருப்பா, முறுக்குன கொம்போட நிக்கும், பெட்டையும் குட்டியும் பழுப்பா இருக்கும். 1967-ல சரணாலயம் ஆக்குனதே முக்கியமா இந்த வெளிமானுக்காகத்தான். இன்னொரு பக்கம் குதிரைக் கூட்டம், வீட்டுல வளத்த மட்டக்குதிரை காட்டுல பெருகி காட்டுக் குதிரையாவே ஆனது. குழந்தைங்களுக்கு குதிரையைப் பாத்தா குஷிதான், ஆனா மானுக்கும் குதிரைக்கும் அதே புல்லு, அதே குட்டைத் தண்ணி, அது போதாதுன்னு சீமைக்கருவேலம் புல்வெளியை அடைச்சுக்கிட்டே வருது, வெளிமானோட பாடு லேசு இல்ல.

காடுன்னு சொன்னதும் உசரமான மரத்தை நினைக்காதீங்க, இது கடலோரத்து வறண்ட பசுமைக் காடு, பாலை மரம் குட்டையா கட்டுமஸ்தா அடர்ந்து நிக்கும், வருஷம் பூரா பச்சை. 2018 நவம்பர் 16 கஜா புயல் நேரா இந்தப் பக்கமாத்தான் கரையேறுச்சு, அன்னைக்கு ராத்திரி சாஞ்ச மரத்துக்கு கணக்கு வழக்கு கிடையாது, ஊர்ல தென்னை போச்சு, மா போச்சு, பழைய நிலைமைக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும்னு பேசிக்கிட்டாங்க. ராமர் பாதம்னு ஒரு மேடு இருக்கு, சுத்து வட்டாரத்துல உசரமான இடமே அதுதான், அதுவே ஒரு 4 மீட்டர்தான் இருக்கும். ஆனா மொத்த பூமியும் தட்டையா கிடக்குறதுனால அந்த 4 மீட்டர்ல ஏறி நின்னாலே ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் சதுப்பு, உப்பளம்னு எல்லாமே விரிஞ்சு தெரியும்.

பூநாரைக்கு சதுப்புப் பக்கம் போகணும், அதுக்கு தனியா அனுமதி கேக்கணும், செக்போஸ்ட்லயே விசாரிச்சுக்கோங்க, சும்மா வண்டியை உள்ள விட்டுடாதீங்க. பொறுமையா ஒரே இடத்துல நின்னு பைனாகுலர்ல ஒரே ஒரு பூநாரையை மட்டும் பாருங்க. காலால சேத்தை மிதிச்சு மிதிச்சு கலக்கிக்கிட்டே, தலையை முழுசா கவுத்து, மேல் அலகு கீழ வர்ற மாதிரி தண்ணிக்குள்ள விட்டு சலிச்சு சலிச்சு திங்கும். கூட்டத்தை மட்டும் பாத்துட்டு வந்தவங்களுக்கு இது தெரியவே தெரியாது. உள்ளான்ங்கிற பொடிப் பறவைக் கூட்டம் ஒண்ணா எழும்பி திரும்பும்போது ஒரு நொடி வெள்ளை, மறுநொடி சாம்பல், அவ்வளவு பொடிசு அவ்வளவு தூரத்து வடக்கு நாட்டுலேர்ந்து வந்து நம்ம சேத்துல மேயுது. பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க பல வருஷமா இங்க நிலையம் வெச்சு கால்ல வளையம் போட்டு இதுங்க எங்கேர்ந்து எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கிற வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்காங்க.

திரும்பும்போது குழகர் கோயில்ல ஒரு நிமிஷம் நில்லுங்க. சுந்தரர் இங்க வந்தப்ப, இப்படிக் கடல் காத்து அடிக்கிற கரையில அக்கம் பக்கத்துல ஒரு குடி இல்லாம தனியா இருக்கீரே, உமக்கு யார் துணைன்னு சாமியையே கேட்டு பாடியிருக்கார். சாயங்காலம் அந்த இடத்துல நின்னா அவர் ஏன் கேட்டார்னு நல்லாவே விளங்கும். கரையில சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம்னு ஒரு பழைய செங்கல் கட்டுமானம் இருந்துச்சு, 2004 சுனாமியில போயிடுச்சு.

இப்ப மூணாவது வழி, திருத்துறைப்பூண்டி இல்ல மன்னார்குடியில தங்கி முத்துப்பேட்டையைப் பாக்குறது. யாரும் அதிகமா யோசிக்காத வழி இதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். முத்துப்பேட்டை பக்கத்துல ஜாம்புவானோடை, அங்க தர்கா ரொம்பப் பிரசித்தம், அந்தப் பக்கத்துலேர்ந்துதான் அலையாத்திக்கு போட்டு, அதாவது படகு, கிளம்பும். வனத்துறை அனுமதியோடதான் போகணும். ஆத்துல கொஞ்ச தூரம் போறவரைக்கும் ரெண்டு கரையிலயும் சாதாரண ஊர், தென்னந்தோப்பு, வலை காயுறது எல்லாம் தெரியும், அப்பறம் மெதுவா வீடெல்லாம் மறைஞ்சு ரெண்டு பக்கமும் அலையாத்தி மட்டும்தான். கடைசில ஆறு அகண்டு பெரிய நீர்ப்பரப்பா ஆகும், அங்க எல்லாரும் லகூன்னுதான் சொல்றது. நடுவுல மரப்பாலம் போட்டு காட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வெச்சிருக்காங்க, சேத்துலேர்ந்து மூச்சுவேர் ஆயிரக்கணக்குல பென்சிலை நட்டு வெச்ச மாதிரி நிமிந்து நிக்கும். ஒரு இலையை, பறிக்காம, அடிப்பக்கமோ மேல்பக்கமோ லேசா நக்கிப் பாருங்க, உப்பு கரிக்கும், வேர் வழியா உள்ள வந்த உப்பை மரம் இலை வழியா வெளிய தள்ளுது. என்கூட வந்த பசங்க யாருக்கும் பாடப் புத்தகத்துல படிச்சது ஞாபகம் இல்ல, இது மட்டும் மறக்கல.

அங்க மீன்முள் மாதிரி கிளை கிளையா வெட்டுன வாய்க்கால் தெரியும், அதைக் கேட்டு காட்டச் சொல்லுங்க. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இந்தக் காட்டை கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியா பிரிச்சு, மொத்தமா வெட்டினாங்க, மரம் போனதும் வெட்டவெளி சேறு வெயில்ல காஞ்சு தாழ்ந்து, கடல் தண்ணி வந்து தேங்கி ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறி, அப்பறம் விதை விழுந்தாலும் முளைக்கல. தண்ணி ஏறி இறங்க வழி பண்ணுனா மண்ணு ஆறும்னு கண்டுபிடிச்சு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேந்து இந்த வாய்க்காலை வெட்டி கரையில கன்னு வெச்சாங்க. அது காடாகி நிக்குது. சுனாமிக்கு அப்பறம் அலையாத்தி இருந்த பக்கம் ஊரைக் காப்பாத்துச்சுன்னு இந்தப் பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க.

முத்துப்பேட்டையில ஒரு சிக்கல், போட்டு கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. காத்து ஜாஸ்தியா இருந்தா விட மாட்டாங்க, மழை நாள்ல விட மாட்டாங்க, லீவு நாள்ல கூட்டம் இருந்தா காத்து கிடக்கணும். அதனால கடைசி நாளுக்கு இதை வெச்சுக்காதீங்க, முதல் நாள் காலையிலயே வையுங்க, அன்னைக்கு முடியலைன்னா மறுநாள் கையில இருக்கும். போட்டு இல்லாத நாள்ல சும்மா உக்காராம உதயமார்த்தாண்டபுரம் போங்க, திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல ரோட்டோரமாவே இருக்கு. சின்ன ஏரிதான், 45 ஹெக்டேர் கிட்ட, மேட்டூர் தண்ணி வாய்க்கால் வழியா வந்து நிரம்புறது, 2022-ல இதுவும் ராம்சார்ல சேந்துச்சு. நத்தை குத்தி நாரை அவ்வளவு கிட்டத்துல கூடு கட்டி இருக்கும், அலகை மூடுனாலும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும் பாருங்க, நத்தையைப் பிடிச்சு உள்ள இருக்குற சதையை எடுக்கத் தோதான அலகு. வயல்ல நத்தையைப் பொறுக்கித் தின்னுட்டு வந்து ஏரியில எச்சம் போடும், அந்த ஏரித் தண்ணிதான் திரும்ப வயலுக்குப் போகுது.

மன்னார்குடியில தங்குனா இன்னொரு லாபம் வடுவூர் ஏரி. தஞ்சாவூர் ரோட்டுல 14 கிலோமீட்டர்தான், ஊரை ஒட்டியே 128 ஹெக்டேர் ஏரி, கரையில நடந்துக்கிட்டே பாக்கலாம், 1999-லேர்ந்து சரணாலயம், இதுவும் 2022-ல ராம்சார். ஊசிவால் வாத்து, கிளுவை, அரிவாள் மூக்கன்னு கூட்டமா இருக்கும். முட்டி வலி இருக்குறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்குறவங்களுக்கு கோடியக்கரையை விட இதுதான் சுலபம். ராஜகோபாலசாமி கோயிலும் 23 ஏக்கர் ஹரித்ராநதி தெப்பக்குளமும் சாயங்காலத்துக்கு. சென்னையிலேர்ந்து மன்னை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறுனா விடிகாலையில மன்னார்குடியில இறங்கலாம், அதுவே ஒரு பெரிய வசதி.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு கேக்குறவங்களுக்கு: கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும்னா கோடியக்கரை, அதுவும் முந்துன ராத்திரியே வேதாரண்யம் வந்து படுத்திருந்தா மட்டும். அப்படி வர முடியாது, காலையில பத்து மணிக்குத்தான் வந்து சேருவோம்னா கோடியக்கரையை விட்டுட்டு முத்துப்பேட்டை போங்க, ஏன்னா அங்க காடே காட்சி, பறவை வந்தாலும் வராட்டாலும் நீங்க வெறுங்கையா திரும்ப மாட்டீங்க. பங்குனி, சித்திரையில வர்றவங்க பூநாரைக் கூட்டத்தை எதிர்பாத்து வராதீங்க, அப்ப வெளிமானும் உப்பளமும் பாக்கலாம், வெயில் தாங்குற உடம்பா இருக்கணும்.

மாசத்துல எதுன்னு கேட்டா பொங்கல் கூட்டம் வடிஞ்சப்பறம் ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதி. நவம்பர், டிசம்பர்ல பறவை நிறைய வந்திருக்கும், ஆனா அதுதான் மழைக்காலமும் புயல் காலமும், ரூம் போட்டுட்டு ஜன்னல் வழியா மழை பாத்துட்டு திரும்புறவங்க உண்டு. பிப்ரவரி வாக்குல தண்ணி வத்த ஆரம்பிக்கும், மிச்சம் இருக்குற குட்டையில பறவை நெருங்கி வந்து நிக்கும், ஆகாசமும் தெளிவா இருக்கும். ஆனா தை அமாவாசை தேதியைப் பாத்துட்டு போடுங்க, அன்னைக்கு வேதாரண்யம் கடல்லயும் கோடியக்கரையிலயும் தர்ப்பணம் குடுக்க ஜனம் அலைமோதும், ஆடி அமாவாசையும் அப்படித்தான். நீங்களும் அதுக்குத்தான் வர்றீங்கன்னா சரி, பறவைக்குன்னா ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க.

வண்டி விஷயம். நாலு பேருன்னா கார்தான், மறுபேச்சு இல்ல. ஒருத்தர் ரெண்டு பேருன்னா ரயில்ல வந்து பஸ்ஸுலயும் ஆட்டோவுலயுமே முடிச்சிடலாம். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி லைன் பல வருஷம் மூடிக் கிடந்து, அகல பாதையாக்கி 2023 ஏப்ரல்ல மறுபடி திறந்தாங்க, 37 கிலோமீட்டர். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறைன்னு ஒவ்வொரு ஊரா நின்னு நின்னு போகும், ஜன்னலோரம் உக்காந்தா வயலு, முல்லைத் தோட்டம், மாந்தோப்புன்னு பாத்துக்கிட்டே வந்து கடைசில உப்பளத்துல இறங்கலாம். ரயில் அதிகம் கிடையாது, நேரம் பாத்துட்டு கிளம்புங்க, ஒண்ணை விட்டா பஸ்தான். பைக்ல வர்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும், இந்தப் பக்க ரோட்டுல சாயங்காலம் ஆடு, மாடு, மான் எல்லாம் குறுக்க வரும், இருட்டுனப்பறம் கோடியக்காடு பக்கம் வேகமா ஓட்டாதீங்க.

என்னைக் கேட்டா மூணு நாளுக்கு இப்படி: முதல் நாள் விடிகாலை மன்னார்குடியில இறங்கி, ரூம்ல குளிச்சுட்டு நேரா முத்துப்பேட்டை, போட்டு முடிச்சு திரும்பும்போது உதயமார்த்தாண்டபுரத்துல பொழுது சாயுற வரைக்கும், ராத்திரி திருத்துறைப்பூண்டியிலயே படுத்துடுங்க. ரெண்டாம் நாள் மெதுவா எழுந்து வேதாரண்யம், மதியம் கோயில், நினைவுத் தூண், உப்பளம், நாலு மணிக்கு மேல கோடியக்கரை, ராத்திரி வேதாரண்யம். மூணாம் நாள் ஆறு மணிக்கு காடு, பத்து மணிக்கு வெளிய வந்து, ஊர் திரும்புற வழியில வேளாங்கண்ணியோ நாகூரோ பாத்துட்டு நாகப்பட்டினத்துல ராத்திரி ரயில் ஏறிடலாம், காரைக்கால் – சென்னை எக்ஸ்பிரஸ் அங்க நின்னுதான் வருது. முதல் நாள் போட்டு தவறிப்போச்சுன்னா ரெண்டாம் நாள் காலையில திருத்துறைப்பூண்டியிலேர்ந்து மறுபடி முத்துப்பேட்டை போயிட்டு வர நேரம் இருக்கு, உப்பளத்துக்கு ஒதுக்குன நேரத்துல கொஞ்சம் குறையும் அவ்வளவுதான். வயசானவங்க கூட வந்தா முதல் நாளை மட்டும் மாத்தி போட்டுக்குப் பதிலா வடுவூர் வெச்சுக்கோங்க.

கையில பைனாகுலர், தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, கொசுவுக்கு ஏதாவது க்ரீம், சேத்துல போனாலும் பரவாயில்லைங்கிற செருப்பு. சிவப்பு, மஞ்சள்னு பளிச்னு சட்டை வேண்டாம். ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கவரை திரும்ப எடுத்துட்டு வாங்க. ரயில் டிக்கெட்டை விட முதல்ல பூநாரை இல்லம் கிடைக்குமான்னு கேளுங்க, அது எந்தத் தேதிக்கு காலியா இருக்கோ அந்தத் தேதியைச் சுத்தி மத்த எல்லாத்தையும் போட்டுக்கலாம்.